அப்பாவின் 1984 புல்லட்: எதைச் சரிசெய்வது, எதைச் சொல்லி விற்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350 ஸ்டாண்டர்டு. இரண்டு வருடம் செலவழித்து ரீஸ்டோர் செய்துவிட்டீர்கள், இப்போது விற்க வேண்டிய நிலை. மிச்சமிருக்கும் குறைகள் என்று ஆறு எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் எண்ணெய், ஒரு வாரம் நின்று ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் புகை, இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் பொய் நியூட்ரல் (எந்தக் கியரிலும் விழாமல் நடுவில் நிற்பது), கிக்கர் சில சமயம் வழுக்குகிறது, ஐடிலில் ஹெட்லைட் போட்டால் ஆம்பியர் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்கிறது, முன் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இவை போக டேங்க் ஒரிஜினல் இல்லை. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு விற்பதா, ‘உள்ளது உள்ளபடி’ என்று போட்டுத் தள்ளிவிடுவதா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாத கேள்வி: எதைச் சொன்னால் விலை விழும், எதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வம்பு வரும்? அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாற்பது வருட வார்ப்பிரும்பு புல்லட் வாங்க வருகிறவர் அது எண்ணெய் சிந்தாது என்று நினைத்து வருவதில்லை. அவரைப் பயமுறுத்துவது காரணம் தெரியாத கோளாறு. ‘ஆயில் லீக் உண்டு’ என்றால் அவர் மனதில் எஞ்சின் மொத்தமும் பிரிந்து கிடக்கும். ‘கிக்கர் ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உலோக வளையம்) வழியாக கியர் ஆயில் கசிகிறது, ராத்திரிக்கு ஒரு இரண்டு ரூபாய் நாணய அளவு’ என்றால் அது ஒரு அரை நாள் வேலை, அவ்வளவுதான். ஆகவே விற்பதற்கு முன் உங்கள் முதல் வேலை ரிப்பேர் இல்லை, ஒவ்வொரு குறைக்கும் காரணம் கண்டுபிடிப்பது. வண்டியைப் பார்க்காமல் எழுதுவதால் இதுதான் கோளாறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சோதனை செய்தால் தெரியும் என்பதைச் சொல்லலாம், அதற்கு வண்டியைப் பிரிக்கவும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. கடைசி வரியில் போகிற போக்கில் ‘ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு குறைகளையும்விடப் பெரிய குறை இதுதான். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை யாரும் முறையாக விற்க முடியாது, விற்றவர் கையெழுத்து போடுகிற இடமே காலியாக இருக்கும். முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் தேவைப்படும். இறந்து மூன்று மாதத்துக்குள் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். 5 வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் பதிவுப் புதுப்பிப்பு (எல்லோரும் ‘எஃப்.சி.’ என்று சொல்வது) எந்தத் தேதி வரை இருக்கிறது, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய கையெழுத்து ஆர்.சி. புத்தகமாக இருந்தால் வண்டி விவரம் பரிவாகன் (அரசின் வாகனப் பதிவுத் தளம்) கணினியில் ஏறியிருக்கிறதா என்று நம்பரைப் போட்டுத் தேடுங்கள். வரவில்லையென்றால் முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போட வேண்டும். வாங்க வருகிறவரும் முதலில் போனில் அதைத்தான் தட்டிப் பார்ப்பார். அங்கே வண்டி இல்லை என்று வந்தால் பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் பேச்சு அதோடு முடிந்தது.

ரீஸ்டோர் செய்த வண்டிக்கென்றே ஒரு பேப்பர் சிக்கல் உண்டு. சேஸிஸை மணல் வீசிச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் ஸ்டீயரிங் ஹெட்டில் குத்தியிருக்கும் நம்பர் அடைந்துபோயிருக்கும். ஆர்.டி.ஓ.வில் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது பாதி எழுத்து விழாது. பெயிண்ட் ரிமூவரும் மெல்லிய பித்தளை பிரஷும் வைத்து அந்த இடத்தை மட்டும் பொறுமையாகத் திறந்து, கிளியர் லாக்கர் ஒரு கை அடித்து விடுங்கள். ‘தெளிவா இல்லை, திரும்பக் குத்திடலாம்’ என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் குத்தினாலும் அது நம்பரைத் திருத்தியதாகத்தான் பார்க்கப்படும். எஞ்சின் நம்பர் இடது கிரான்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கும். ரீஸ்டோர் வேலையின்போது சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய வேறு கிரான்க்கேஸ் போட்டிருந்தால் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தாது. எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகாமல் அந்த வண்டியை விற்கவே கூடாது. ‘விலையைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்று பேசித் தீர்க்கிற குறை இல்லை இது. நிறத்தை மாற்றியிருந்தாலும் ஆர்.சி.யில் என்ன நிறம் என்று ஒரு முறை பாருங்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். முன் பிரேக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சரிசெய்த பிறகுதான் விளம்பரம். மற்ற குறைகளோடு வண்டி வீடு போய்ச் சேரும், பிரேக் பிடிக்காத வண்டி வாங்கியவரை வீடு சேர்க்காது. செலவும் அதிகமில்லை. சக்கரத்தைக் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ரிவெட் தலை தெரிய ஆரம்பித்திருந்தால் மாற்றுங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி மின்னினால் உப்புத்தாளில் தேய்த்து மினுமினுப்பை எடுங்கள். டிரம்மில் எண்ணெய் பட்டிருந்தால் அந்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ரீஸ்டோர் செய்த வண்டியில் அடிக்கடி பார்ப்பது, ஸ்போக் புதிதாகக் கட்டி இறுக்கியதில் டிரம் லேசாக முட்டை வடிவமாகிவிடுவது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே லீவரை மெதுவாக இழுத்தால் சர்... சர்... என்று விட்டு விட்டு உரசும். அதற்கு லேத்தில் கொடுத்து ஒரு கட் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டைக் கடைசிவரை இறுக்காமல், சக்கரத்தைச் சுழற்றி லீவரை இறுகப் பிடித்து, பிடித்த பிடியிலேயே நட்டை இறுக்குங்கள். இரண்டு ஷூவும் நடுவில் உட்காரும். லீவரை இழுத்த நிலையில் பிரேக் ஆர்முக்கும் கேபிளுக்கும் இடையே ஏறத்தாழ செங்கோணம் இருக்க வேண்டும். ‘புது லைனிங் போட்டும் பிடிக்கல’ என்பவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் விட்டவர்கள். அப்படியே டயரில் நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் புதிதாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால் அது ஓட்டுகிற டயர் இல்லை. மாற்றுங்கள், இல்லையென்றால் ‘டயர் மாற்றித்தான் ஓட்ட வேண்டும்’ என்று எழுதுங்கள்.

எண்ணெய்க் கசிவுக்கு வருவோம். இந்த வண்டியில் எண்ணெய் மூன்று தனித்தனி இடத்தில் இருக்கிறது: எஞ்சின், இடது பக்க பிரைமரி செயின் கேஸ் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் ஓடும் பெட்டி), கியர்பாக்ஸ். மூன்றில் எது தரைக்கு வருகிறது என்று தெரியாமல் ‘லீக்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டு அடிப்பாகம் முழுக்கக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து செய்தித்தாள் விரித்து நிறுத்துங்கள். பவுடரில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தாலும் தெரியும். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கறுத்து, கிளட்ச் தூசி கலந்து நறநறவென்று இருந்தால் பிரைமரி. பிரைமரி மூடி நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. கசிகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். புது ரப்பர் சீல் போட்டு, விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்து மட்டம் பார்த்து, அளவாக இறுக்கினால் போதும். கியர்பாக்ஸ் இந்தக் காலத்து ஆயில் சீலை நம்பிச் செய்ததில்லை, அரைகுறையாக இளகிய கிரீஸுக்காக வடிவமைத்தது. அதில் வெறும் 90 நம்பர் ஆயிலை முழுக்க ஊற்றினால் புஷ் வழியாக வரத்தான் செய்யும்.

எஞ்சின் எண்ணெய்தான் கசிகிறது என்று தெரிந்தால், எதையும் பிரிப்பதற்கு முன் இரண்டு சில்லறைக் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, பிரீதர் குழாயின் முனையில் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர். காற்றை வெளியே விட்டு உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. வயதாகி அது கல்லாகிப் போனால் கிரான்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெய் எல்லா மூட்டிலும் பிதுங்கும். நூறு சொச்ச ரூபாய் ரப்பருக்காக எஞ்சினை இறக்கினவர்கள் உண்டு. இரண்டு, அளவுக்கு மீறி ஊற்றுவது. அளவுக் குச்சியை வண்டி ஓடி நின்ற சூட்டில் பார்க்க வேண்டும். ஒரு வாரம் நின்ற வண்டியில் பார்த்தால் எண்ணெய் கீழே இறங்கிப் போயிருப்பதால் குறைவாகக் காட்டும். குறைகிறதே என்று அரை லிட்டர் ஊற்றுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் பம்ப் கீழே இருந்ததையும் மேலே ஏற்ற, மிச்சம் பிரீதர் வழியாக வெளியே.

நீங்கள் சொன்ன புகைக்கும் அநேகமாக இதே இறங்குதல்தான் காரணம். புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி கிரான்க்கேஸிலேயே பின்பக்கம் வார்த்தது. பம்ப் இருக்கை தேய்ந்திருந்தால், நிற்கும்போது தொட்டியிலிருந்து ஃபிளைவீல் சுற்றுகிற அறைக்கு எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேரும். ஸ்டார்ட் செய்ததும் அது சிலிண்டருக்குள் தெறித்து எரிந்து நீலப் புகை வரும், சில நிமிடத்தில் அடங்கும். இதுவாக இருந்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. ‘அநேகமாக’ என்றேன், உறுதி செய்ய ஒரு வழி: ஓட்டி நிறுத்திய உடன் குச்சியில் அளவைக் குறியுங்கள், மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். அளவு இறங்கி, ஓட்டியதும் பழையபடி ஏறினால் பம்ப் கசிவுதான். பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடான பிறகும் ஆக்சிலரேட்டரைத் திருகினால் நீலப் புகை வருகிறது என்றால் ரிங், போர் (பிஸ்டன் வளையம், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) பக்கம் பார்க்க வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி வந்து திரும்பத் திறக்கும்போது மட்டும் ஒரு வீச்சு புகை வந்தால் வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகை எண்ணெயே இல்லை, கார்புரேட்டர் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. வாங்குகிறவரிடம் இந்த வித்தியாசத்தைச் செய்து காட்டுங்கள். அவர் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதுதான் ஊர் வழக்கம். விஷயம் தெரிந்தவர் வந்ததும் சைலன்சரையும் ஹெட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார். குளிர்ந்த வண்டியாகவே விட்டுவைத்து, ‘முதல் மூணு நிமிஷம் புகை வரும், பாருங்க’ என்று சொல்லி ஸ்டார்ட் செய்யுங்கள்.

எண்ணெய் மேலே ஏறுகிறதா என்பதையும் அவர் கண் முன்னால் காட்டலாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ராக்கர் பாக்ஸுக்குப் போகும் வெளிக் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வந்தால் இறுக்கிவிடுங்கள். அந்த ஒரு துளி எண்ணெய் பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம். டேப்பெட் சத்தம் கேட்டால், குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்போது புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டு) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த வண்டிக்கு அதுதான் அளவு. பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் முனைகள்) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இவை இரண்டும் சரியாக இருந்தாலே பாதி ‘எஞ்சின் சத்தம்’ போய்விடும். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்) சத்தம் வேறு. மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து டொக் டொக்கென்று வரும். அது இருந்தால் வண்டி ‘ரீஸ்டோர்’ ஆனதாகவே சொல்லாதீர்கள்.

கிக்கர் வழுக்குவதில் இரண்டு வகை. மிதிக்கும்போது கால் வழவழவென்று தடையில்லாமல் இறங்கி, எஞ்சின் சுற்றவில்லை என்றால் கிளட்ச். லீவரில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா, பிரைமரியில் யாராவது கார் எஞ்சின் ஆயிலை ஊற்றினார்களா என்று பாருங்கள். இரண்டும் செலவில்லாத வேலை. கடக்கென்று பல் தாண்டி இறங்கினால் உள்ளே கிக்கரின் கொக்கிப் பல்லும் (pawl) அது மாட்டும் ராட்செட் பல் சக்கரமும் தேய்ந்திருக்கின்றன, கியர்பாக்ஸ் மூடியைத் திறக்க வேண்டும். பொய் நியூட்ரலும் அதே இடத்து வேலை. மூடிக்குள் இருக்கும் ஸ்டாப்பர் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். அதற்கும் கேட்காமல், இழுக்கும்போது கியர் தானாக வெளியே எகிறுகிறது என்றால் டாக் பல் (கியர்களைக் கோக்கும் பல்) மழுங்கியிருக்கும் அல்லது செலக்டர் ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை) வளைந்திருக்கும். என் யோசனை: தகட்டைச் சரிசெய்து பாருங்கள், அதற்குமேல் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். பழைய புல்லட் வாங்குகிறவர்களுக்குக் கைராசியான மெக்கானிக் ஒருவர் கட்டாயம் இருப்பார். நீங்கள் செலவழித்துத் திறந்து மூடிய கியர்பாக்ஸை அவர் இன்னொரு முறை திறக்கத்தான் போகிறார்.

மின்சாரக் குறையைக் குறையென்றே சொல்ல வேண்டியதில்லை. ஐடிலில் ஹெட்லைட் போட்டால் முள் கொஞ்சம் இடப்பக்கம் (பேட்டரி இறங்கும் பக்கம்) போவது இந்தப் பழைய சார்ஜிங்கின் இயல்பு. வேகம் கூட்டினால் நடுவுக்கோ வலப்பக்கமோ வர வேண்டும். பேட்டரி 12 வோல்ட் என்றால் அதில் மீட்டரை வைத்து, எஞ்சினை வேகமாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் நன்று. 13-ஐத் தாண்டவில்லையென்றால் ரெக்டிஃபயரும் எர்த் இணைப்பும் பாருங்கள். பெயிண்டின் மேலேயே எர்த் ஒயரை மாட்டியிருப்பது ரீஸ்டோர் வண்டிகளின் தேசிய வியாதி.

டேங்க் விஷயம் வேறு மாதிரி. அது கோளாறு இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் கோளாறைவிட மோசமாகப் போகும். ‘ரீஸ்டோர்’ என்ற சொல்லுக்கு விற்பவர் வைத்திருக்கும் பொருள் ‘புதுசு மாதிரி பண்ணினேன்’ என்பது. வாங்குபவர், அதுவும் சேகரிக்கிறவர், எடுத்துக்கொள்ளும் பொருள் ‘புல்லட் செய்த திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆக்கினேன்’ என்பது. இந்த இரண்டுக்கும் நடுவிலேயே முக்கால்வாசிச் சண்டை. எனவே அந்தச் சொல்லைப் பிரித்துப் போடுங்கள்: எஞ்சின் திறந்து வேலை செய்தது, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், டேங்க் புதிது, ஒரிஜினல் இல்லை, மட்கார்டு ஒரிஜினல், பட்டி பார்த்தது, குரோம் திரும்பப் போட்டது, சைலன்சர் வெளிக் கம்பெனி. போர் எண்ணிக்கை முக்கியம். 20, 40, 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பிஸ்டன் ஓவர்சைஸ் வரும். உங்கள் வண்டி ஏற்கெனவே 60-இல் இருந்தால் அடுத்த முறை சிலிண்டருக்குள் லைனர் (புது உறை) அடிக்க வேண்டும், அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பட்டியை மறைக்க முடியாது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டில் மெதுவாக நகர்த்தினால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது பிடி விட்டு வழுக்கும். டேங்கின் தங்கக் கோட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், கையால் போட்ட கோடா ஸ்டிக்கரா என்று தெரிந்துவிடும். கையில் தூரிகை பிடித்து அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் போடுவது திருவொற்றியூர்க்காரர்களின் தனிக் கலை. அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் உண்டு. கோடு ஸ்டிக்கர் என்றால் ஸ்டிக்கர் என்றே சொல்லுங்கள்.

புது டேங்கில் ஒரு நன்மையும் இருக்கிறது. பழைய டேங்கின் துருவை மூடப் பூசிய சீலண்ட் இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் இளகி உரிந்து கார்புரேட்டரை அடைப்பது பல பழைய வண்டிகளில் நடக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் ரப்பர்களும் மாற்றியாயிற்றா என்பதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு சொல், ‘விண்டேஜ்’. பேச்சு வழக்கில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2021-இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வாகனம் என்பது முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியது, அசல் வடிவம் மாறாதது. ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் பிளேட், 20,000 ரூபாய் பதிவுக் கட்டணம், பத்து வருட ஆயுள் எல்லாம் அதற்குத்தான். அந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. உங்கள் 1984 வண்டிக்கு 2034 வரை அந்தப் பேச்சே இல்லை. விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து யாராவது ‘விண்டேஜ் பதிவு இருக்கா’ என்று கேட்டால் நீங்கள்தான் விழிக்க வேண்டும்.

சட்டத்தில் குறையைச் சொல்வது எவ்வளவு கட்டாயம்? தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது, 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி தரத்துக்கு உத்தரவாதம் பொதுவாக விற்பவர் தலையில் இல்லை, வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சும்மா பேசாமல் இருப்பதை மட்டும் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்த குறையைத் திட்டமிட்டு மறைப்பது மோசடி. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொல்வதும் மோசடி. பிக் எண்ட் சத்தம் அடங்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்பது முதல் வகை. ‘போர் ஸ்டாண்டர்டுதான்’ என்பது இரண்டாவது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி இந்த இரண்டிலிருந்தும் உங்களைக் காப்பாற்றாது. எழுதிக் கையெழுத்து வாங்கிய குறைப்பட்டியல் காப்பாற்றும். வழக்கு வரை போய்விட்டால் வக்கீலைப் பாருங்கள். போகாமல் இருக்க இந்த ஒரு தாள் போதும்.

அந்தத் தாள் இப்படி இருக்கலாம்: ‘முன் பிரேக் லைனிங் புதிது, டிரம் லேத் கட் எடுத்தது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் சுமார் 3 நிமிடம் நீலப் புகை, சூடான பின் இல்லை. ஆயில் பம்ப் வழியாக எண்ணெய் இறங்குவது காரணம். கியர்பாக்ஸ் கிக்கர் ஷாஃப்ட்டில் கசிவு, ராத்திரிக்கு நாணய அளவு. 2-3 நடுவில் பொய் நியூட்ரல் எப்போதாவது. கியர் தானாக எகிறுவதில்லை. பிஸ்டன் 40 தவ். டேங்க் ஒரிஜினல் அல்ல. மீட்டர் காட்டும் கிலோமீட்டருக்கு உத்தரவாதம் இல்லை.’ தெரிந்ததைத் தெரிந்தபடி, அளவோடு. ஊகிப்பதை ஊகம் என்றே எழுதுங்கள். கசிவையும் புகையையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக் கேட்கிறவர்களுக்கு அனுப்பினால், வெட்டியாக வந்து பார்த்துப் பேரம் பேசிப் போகிற கூட்டம் பாதியாகக் குறையும்.

விலைக்கு ஒரு கணக்கு, எண்கள் உதாரணத்துக்கு மட்டும். குறையில்லாத இதே வண்டி 1,80,000 போகும் என்று வையுங்கள். கியர்பாக்ஸ் வேலைக்கு மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீடு 9,000. காரணமும் மதிப்பீடும் காட்டினால் பேரம் 9,000-த்திலிருந்து 15,000-க்குள் நிற்கும், ஏனென்றால் அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் யாரும் கழிப்பார்கள். காட்டாவிட்டால் அவராக 30,000 கழிப்பார். நீங்களே 9,000 செலவழித்துச் செய்தால் 1,80,000 கிடைக்குமா என்றால் அதுவும் சந்தேகம், ‘ஏன் திறந்தாங்க?’ என்று கேட்பார்கள். பிரேக், டயர், பிரீதர் ரப்பர், எர்த் ஒயர் போன்றவற்றைச் சரிசெய்து, கியர்பாக்ஸ், பம்ப் போன்றவற்றைச் சொல்லி விற்பதுதான் கட்டுப்படியாகும். ரீஸ்டோர் செலவு மொத்தத்தையும் விலையில் ஏற்றலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குரோமுக்கும் பெயிண்டுக்கும் போட்ட பணம் முழுசாகத் திரும்புவதில்லை.

டெஸ்ட் ரைடு கொடுக்கும்போது வண்டியை விட மனிதரைப் பாருங்கள். இந்த வண்டியில் கியர் வலது கால், பின் பிரேக் இடது கால். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் விழாது, கியர் விழும். அவரைப் பின்னால் உட்கார வைத்து ஒரு தெரு கூட்டிப் போய்க் காட்டிவிட்டு அப்புறம் கொடுங்கள். லைசென்ஸைப் பாருங்கள், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும். ஸ்டார்ட் செய்வதையும் சொல்லிக் கொடுங்கள்: சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் முள் இடப்பக்கம் போய் நடுவுக்குத் திரும்பும், அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும்) லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி முழுதாக. ஆம்பியர் மீட்டர் பார்க்காமல் குருட்டாம்போக்கில் மிதித்துக் கணுக்காலில் உதை வாங்கினவர் வண்டி வாங்க மாட்டார்.

பணம் கைக்கு வந்த பிறகுதான் நிறையப் பேர் அசந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-இல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30 கொடுக்க வேண்டும். கேரளா, பெங்களூரு என்று வெளிமாநிலம் போனால் படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். ‘ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, பார்ட்டி கிடைச்சதும் நாங்களே பேர் மாத்திக்கிறோம்’ என்று புரோக்கர் சொன்னால் வண்டியைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளிவிடுங்கள். கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டியின் விபத்தில், ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்ற விண்ணப்பம் ஆன்லைனில் ஏறி ஒப்புகை வரும்வரை மூல ஆர்.சி.யைக் கொடுக்காதீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, வாங்கியவரின் அடையாள அட்டை நகலோடு வையுங்கள். அன்று சாயங்காலம் விழும் சலானுக்கு அந்த மணிதான் பதில். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாங்கியவர் 14 நாளுக்குள் எழுத வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கழற்றிப் போட்ட பழைய டேங்க் பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தாலும், நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, அது தொழிற்சாலை டேங்க். பழைய இரும்புக்குப் போடாதீர்கள், விளம்பரத்திலும் போடாதீர்கள். பேரம் கடைசிக் கட்டத்தில் ஐந்தாயிரத்துக்கோ பத்தாயிரத்துக்கோ முட்டிக்கொண்டு நிற்கும்போது அதை இறக்கிக் கொண்டுவந்து வண்டிப் பக்கத்தில் வையுங்கள்.